காதில் விழுந்த படிப்பு

"சத்தத்தைக் காணோமே?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாடசாமியின் குரல் கேட்டதும் தயானி பச்சைப் பேனாவைக் கீழே போட்டாள். கண்ணில் பட்ட வரியைப் பிடித்துக்கொண்டு, "வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காற்று டிசம்பர் முதல் பெப்ரவரி வரை..." என்று கத்தத் தொடங்கினாள்.

"ஆங்! அப்புடி!" என்றார் அப்பா. தேத்தண்ணீரை ஒரு வாய் உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

படிப்பு என்றால் காதில் விழ வேண்டும் என்பது மாடசாமியின் சட்டம். அந்தச் சட்டம் சும்மா பிறக்கவில்லை. போன வருடம் உயர்தரப் பரீட்சைக்குத் தயானி படித்த படிப்பை அவர் கண்ணாலேயே பார்த்தவர். தலைப்புக்குப் பச்சை, உபதலைப்புக்கு ஊதா, வரைவிலக்கணத்துக்கு ரோஸ் என்று விதவிதமான பேனாக்களில் அவள் குறிப்பெடுத்தாள். நேர அட்டவணை போடுவதில் அவளுக்கு நிகராக ஊவா மாகாணத்திலேயே ஆள் கிடையாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் புது அட்டவணை சுவரில் ஏறும். அதன்படி படிப்பு எப்போதும் மறுநாள் காலையிலிருந்துதான் ஆரம்பமாகும். குறிப்புகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. பரீட்சையில் மட்டும் கோட்டை விட்டாள்.

"பேனாவப் புடிச்சிக்கிட்டுப் பேசாம ஒக்காந்திருக்கிறது படிப்பில்லம்மா, அது கோலம் போடுறது. இனிமே வாய் விட்டு வாசி. நான் கேக்கணும்" என்றார் மாடசாமி. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இந்தத் தடவையும் வரலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. கொழும்புல மாமா துணிக்கடையில ஆள் கேக்குறாரு. அனுப்பிற வேண்டியதுதான்."

தயானிக்கு அழுகையே வந்துவிட்டது. பல்கலைக்கழகம் போக வேண்டும் என்பது அவளுக்கு உயிர். ஆனால் வாய் விட்டு வாசிப்பது உயிரை வாங்கியது. தொண்டை வறண்டது. அதைவிடப் பெரிய துக்கம், வாசிக்கிற நேரத்தில் தலைப்புகளுக்கு நிறம் தீட்ட முடியவில்லை.

அப்போதுதான் குவைத்தில் வேலை செய்யும் அம்மா அனுப்பிய போன் அவள் கண்ணில் பட்டது.

அப்பா தேயிலைத் தொழிற்சாலைக்குப் போன பிறகு, பகலில் ஒரு பாடத்தை ஒரே ஒரு தடவை வாசித்துப் போனில் பதிய வேண்டியது. சாயந்தரம் அவர் வாசற்படியில் உட்கார்ந்ததும் அதை ஓட விட வேண்டியது. குரல் பாட்டுக்குக் குரல், நிறம் பாட்டுக்கு நிறம். இந்த யோசனை ஏன் போன வருடமே வரவில்லை என்று தயானி தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது. போனுக்குள் தயானி காற்றைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே தயானி ஊதா நிறத்தில் மேகம் வரைந்துகொண்டிருந்தாள். வாசலில் மாடசாமியும், பக்கத்தில் அவர்கள் வீட்டுச் சேவலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சேவல் பகலிலும் கூவியிருந்தது. அது பாடத்தோடு சேர்ந்து போனில் பதிவாகியிருந்ததைத் தயானி கவனிக்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு சேவல் கூவியதும் வாசலில் நின்ற சேவலுக்கு ரோஷம் வந்துவிட்டது. இறக்கையை அடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து போனைத் தேடித்தேடிக் கொத்தியது. பேனாக்கள் மூலைக்கொன்றாய்ப் பறந்தன. ஊதா மேகத்தின் மேல் சேவல் நடந்து போன தடம் விழுந்தது.

"என்னம்மா, சேவலுக்கு என்ன கேடு?" என்று அப்பா வெளியிலிருந்தே கேட்டார்.

"தெரியலப்பா! பூச்சியக் கண்டுச்சோ என்னமோ!" என்றாள் தயானி, போனை மடியில் மறைத்துக்கொண்டு.

"பாடத்தக் கேட்டு அதுக்கும் ஒணர்ச்சி வந்துருச்சி போல" என்று சொல்லிவிட்டு மாடசாமி மீதித் தேத்தண்ணீரைக் குடித்தார்.

தயானி ஒரு முடிவுக்கு வந்தாள். இனிப் பதிவில் அவள் குரலைத் தவிர ஈ பறக்கும் சத்தம்கூட இருக்கக் கூடாது.

தோட்டத்து லய வீடுகளில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், இது ஆகிற காரியமா என்று. பசறைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. நடுச்சுவர் கூரையைத் தொடாமலே நின்றுவிடும். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள்.

மறுநாள் சேவலைக் கூடையில் கவிழ்த்துவிட்டுத் தயானி அரசறிவியலை எடுத்தாள். "இறைமையின் பண்புகள். ஒன்று, அது நிரந்தரமானது..."

சுவருக்கு அந்தப் பக்கம் "லொக்! லொக்!" என்று ஓர் இருமல்.

பக்கத்து வீட்டுப் பெரியாயி அத்தை. கொழுந்து பறிப்பதிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறவர். தயானி பதிவை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். "இரண்டு, அது பிரிக்க முடியாதது" என்ற இடத்தில் மறுபடி "லொக்!" அழித்தாள், வாசித்தாள். "மூன்று" என்று வாயைத் திறக்கும்போதே இருமல் வந்துவிட்டது. அன்று பகல் முழுவதும் இறைமை மூன்றாவது பண்பைத் தாண்டவில்லை.

அடுத்த நாள் தயானி கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அத்தை, ரொம்ப இருமுறீங்களே, இதக் குடிங்க."

"என் ராசாத்தி, ஒனக்குத்தான் எம்மேல எம்புட்டுப் பாசம்!" என்று பெரியாயி உருகிப்போனார். அந்தப் பாசத்துக்குக் கைம்மாறாக, அன்றிலிருந்து தயானிக்குத் துணையாக அவள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தபடியே இருமத் தொடங்கினார்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் கெஞ்சிக் கேட்டு இருமல் மருந்து வாங்கி வந்தாள் தயானி. பெரியாயி அதைப் பாயசம் போல ரசித்துக் குடித்தார். இருமல் இன்னும் கணீரென்று வந்தது.

சரி, அடுப்படிக்குப் போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசிக்கலாம் என்று போனாள். அடுப்படிக்குப் பின்னால் பெரியாயியின் மகன் சதீஸ்குமார் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, முறுக்கு முறுக்கென்று முறுக்கினான்.

தயானி ஜன்னலைத் திறந்தாள். "சதீஸண்ணே, எங்கயாச்சும் போறதுன்னா போங்களேன்! ஏன் நின்ன எடத்துலயே முறுக்குறீங்க?"

"எஞ்சின் சூடாகணும் தங்கச்சி."

"அதான் இம்புட்டு நேரம் சூடாச்சே!"

"இது பழைய எஞ்சின். மெதுவாத்தான் சூடாகும்" என்று சொல்லிவிட்டு, பாவம், அவன் மறுபடியும் முறுக்கினான்.

எப்படியோ கம்பளிக்குள் வாசித்து முடித்ததைப் போட்டுக் கேட்டால், யாரோ கிணற்றுக்குள் விழுந்து கிடந்து இறைமையைப் பற்றிப் புலம்புவது போல இருந்தது. அதையும் அழித்தாள்.

கடைசியில் கோயிலுக்குப் பின்னால் தேயிலை மலையில் ஒரு பாறைக்கு ஏறிப் போனாள். மனித வாடையே இல்லை. ஒரே மூச்சில் இறைமையை முடித்து, நான்காவது பண்பின் கடைசிச் சொல்லில் இருந்தபோது காலில் அட்டை ஏறியது. "அது முழுமையானது, ஐயோ அம்மா!" என்று பதிவானது. காலைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தால், கீழிருந்து சதீஸ்குமார் "ம்மே! ம்மே! எங்க ஆட்டப் பாத்தியா தங்கச்சி?" என்று கூவிக்கொண்டு வந்தான்.

அவர்களுக்கு ஆடு இருப்பதே தயானிக்கு அன்றுதான் தெரியும்.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். ஆனாலும் இத்தனை பாடுபட்டதில், ஒரு வழியாக இருமலும் ஆட்டோவும் ஆடும் இல்லாத ஒரு பாடம் கைக்குக் கிடைத்தது. தயானிக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அதையே பல சாயந்தரம் திரும்பத் திரும்ப ஓட விட்டாள். துணிச்சலும் கூடிப்போனது. ஒரு நாள் அப்பா வர நேரமானதால், வந்ததும் குரல் கேட்கட்டும் என்று போனை ஓட விட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு, கீழே மலை ஊற்று விழும் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

குடம் பாதி நிறைந்திருக்கும். மேல் ரோட்டிலிருந்து மாடசாமி இறங்கி வந்தார்.

மேலே வீட்டுக்குள்ளிருந்து தயானியின் குரல் தெளிவாகக் கேட்டது. "இறைமையின் பண்புகள். ஒன்று..."

கீழே பீலியடியில் தயானி வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மாடசாமி வீட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மறுபடி வீட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, வீட்டுல யாரு வாசிக்கிறது?"

தயானிக்குக் கொழும்பு பஸ் கண்முன்னே வந்து ஹோர்ன் அடித்தது. துணிக்கடையில் மாமா அளவுகோலோடு நின்றார். "அது... எதிரொலிப்பா" என்று வாய் தானாக உளறியது. "மத்தியானம் சத்தமா வாசிச்சேன்ல? மலையில போய்ப் பட்டுத் திரும்பி வருது."

சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மாடசாமி மலையை அண்ணாந்து பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"இருக்கும் இருக்கும். பனிக்காலத்துல சத்தம் மெதுவாத்தான் வந்து சேரும்" என்றார். "ஆனா ஒண்ணும்மா. ஒரே பாடமே வந்துக்கிட்டிருக்கு. மலைக்கே அலுத்துப் போவும். நாளையிலருந்து தெனம் ஒரு புதுப் பாடம் வாசி."

குடத்தைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். இப்படியும் ஒரு வெள்ளந்தி மனிதரா என்று தயானிக்கு நெஞ்சு உருகியது. இவரை ஏமாற்றுகிறோமே என்று குத்தியது. அந்த உருக்கம் தீர்வதற்குள், தினம் ஒரு புதுப் பாடம் என்ற பயங்கரம் மண்டையில் உறைத்தது.

அதன் பிறகு நிறம் தீட்ட நேரம் ஏது? அட்டவணை போட நேரம் ஏது? பேனாக்கள் காய்ந்துபோயின. விடிந்தால் பதிவு, இருமல், அழிப்பு, மறுபதிவு. புவியியலுக்கு இருமல், வரலாற்றுக்கு ஆட்டோ, அரசறிவியலுக்கு இரண்டும். அப்பாவை ஏமாற்றுவதற்காக அந்தப் பெண் தலையால் தண்ணீர் குடித்தாள். பரீட்சை வந்தபோது, ஒன்றுமே படிக்கவில்லையே என்ற பயம்தான் அவளுக்கு.

பதுளையில் பரீட்சை மண்டபம். வினாத்தாளைத் திருப்பினாள். 'இறைமையின் பண்புகளை விளக்குக.'

கண்ணை மூடினாள். ரோஸ் நிறமும் வரவில்லை, பச்சையும் வரவில்லை. ஆனால் காதுக்குள் யாரோ இருமினார்கள். நிரந்தரமானது, லொக். பிரிக்க முடியாதது, லொக் லொக். கைமாற்ற முடியாதது, டுர்ர்ர். முழுமையானது, ஐயோ அம்மா. பேனா ஓடத் தொடங்கியது. அடுத்த கேள்விக்கு ஆடு கத்தியது, அதற்கடுத்ததற்குச் சேவல். எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவள் போல மேலதிகத் தாள் கேட்டுக் கேட்டு வாங்கி எழுதினாள்.

பெறுபேறு வந்த அன்று லயமே வாசலில் கூடிவிட்டது. ஒரு பாடத்துக்கு ஏ, மற்ற இரண்டுக்கும் பி. மாடசாமி பசறைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக லட்டு வாங்கி வந்தார். கொழும்பு மாமாவுக்குப் போன் போட்டு, "ஒங்க கடைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க மச்சான்" என்று சொல்லிவிட்டார்.

"பேனா புடிச்ச படிப்பில்ல இது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். "தெனம் தெனம் நான் எங்காதால கேட்ட படிப்பு!"

அதைக் கேட்கக் கேட்கத் தயானிக்கு லட்டு தொண்டையில் இறங்கவில்லை. அப்பாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியமும் வரவில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. லட்டோடு, பசறையில் சொல்லி வாங்கிவரச் செய்த நல்ல இருமல் மருந்துப் போத்தல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"அத்தை, நான் ஒரு நாளும் சாயந்தரம் வாசிக்கவே இல்ல. எல்லாம் போன்தான் வாசிச்சிச்சி. அப்பா பாவம், எல்லாத்தயும் நம்பிட்டாரு" என்று விம்மினாள். "ஒங்க இருமல் மேலகூட எவ்வளவு கோவப்பட்டிருக்கேன் தெரியுமா? இந்தாங்க, இதுலயாச்சும் நல்லாகட்டும்."

பெரியாயி லட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போத்தலை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவர் வாயிலிருந்து அன்று ஓர் இருமல்கூட வரவில்லை.

"எனக்கு எதுக்குடி மருந்து? 'புள்ள போனுல பதியிறப்பல்லாம் நடுவுல பூந்து கெடுத்து விடுங்கக்கா, அப்பதான் திரும்பத் திரும்ப வாசிப்பா'ன்னு, சேவல் பூந்த அன்னிக்கே வந்து எனக்கு இருமச் சொல்லிக் குடுத்ததே ஒங்கப்பாதானே!"