வெளிக்காயம் எதுவும் இல்லை

மரக்காணம்,
5-9-2005

மரியாதைக்குரிய அப்பாவு மாமா அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் தட்சணாமூர்த்தி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் விருத்தாம்பாளும் பையன் சரவணகுமாரும் நலம். அங்கே நீங்களும் ஆண்டாள் அக்காவும் கல்யாணப் பெண் இலக்கியாவும் நலமாயிருக்க இரும்பைக் கோயில் ஈசனை வேண்டுகிறேன். உப்பு இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது. மழைக்கு முன் வாரிவிட்டால் போதும்.

நிற்க. "பொணம் பாக்கற வேலைய விட்டா கல்யாணத்துக்கு வரட்டும், இல்லன்னா சீர் மட்டும் வரட்டும்" என்று நீங்கள் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நிச்சயதார்த்தத்தில் நடந்ததற்கு வேறு யாராயிருந்தாலும் அன்றைக்கே என்னைப் பஸ் ஏற்றியிருப்பார்கள். ஆனால் அது எப்படி வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊரில் யாராவது தூக்கிலோ தண்ணீரிலோ கரண்டிலோ செத்துப்போனால் போலீஸ் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விடுவதில்லை. ஊர்க்காரர்கள் ஐந்து பேரை வரவழைத்து, சுற்றி நிற்கவைத்து, "எப்படி செத்திருப்பான்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். பஞ்சாயத்தார் என்று எங்களுக்குப் பெயர். டாக்டர் அறுத்துப் பார்ப்பார், நாங்கள் அறுக்காமல் பார்ப்போம். அலை வந்த டிசம்பரில் கரையில் கூடமாட நின்றபோதுதான் எஸ்.ஐ.க்கு என்னைத் தெரிந்தது. அந்த நாட்களைப் பற்றி எழுத மாட்டேன். அதற்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே தெருவில் ஆம்பளை ஒருத்தர் இருக்க மாட்டார், நான் மட்டும் அகப்பட்டுக்கொள்வேன். கூட வரும் மாயவன் எதைப் பார்த்தாலும் "விதி சார்" என்பான். "விதின்னுலாம் எழுத முடியாதுய்யா, தண்ணியா கயிறான்னு சொல்லு" என்பார் எஸ்.ஐ. அதனால் பார்க்கிற வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. கழுத்து, நகம், வாயில் நுரை, கடைசியாக உயிரோடு பார்த்தது யார் என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. டீக்கடையில் யாரையாவது கொஞ்ச நேரம் பார்த்தால் அவர் எழுந்து நாலு தப்படி நடந்து காட்டுகிறார். விருத்தாம்பாள் வாசலிலேயே குடத்தோடு நிற்பாள். "குளிச்சிட்டு உள்ள வாங்க. என் மூஞ்சிய மட்டும் அப்படிப் பாக்காதீங்க" என்பாள்.

இந்த லட்சணத்தில்தான் நிச்சயதார்த்தத்துக்கு வந்தேன். விருந்து முடிந்து உங்கள் சம்பந்தி குழந்தைசாமி நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி கண்ணயர்ந்தார். எனக்கும் சாப்பாட்டு மயக்கம். என்னை அறியாமல் குனிந்து, அவர் இமையைத் தூக்கி, "வெளிக்காயம் எதுவும் இல்ல. கடைசியா யாரு பாத்தது?" என்று உரக்கக் கேட்டுவிட்டேன். அவர் கண் விழித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டு அம்மா போட்ட கூச்சல் உங்களுக்கே தெரியும்.

தப்புதான் மாமா. ஆனால் காது குத்தும்போது இலக்கியா என் மடியில் உட்கார்ந்துதான் அழுதாள். அவள் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டியது தாய்மாமன் நான். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று காலை ஸ்டேஷனுக்கே போய், "இனிமே என்ன கூப்பிடாதீங்க சார், அக்கா பொண்ணு கல்யாணம்" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்துவிட்டேன். கல்யாணத்தில் யாரையும் உற்றுப் பார்க்க மாட்டேன். சம்பந்தி தூங்கினால் மண்டபத்தை விட்டே வெளியே போய்விடுகிறேன். வரலாம் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். இலக்கியா நூறு வயசு நல்லபடியாக வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்கு வழி பார்த்திருக்கும்
தட்சணாமூர்த்தி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் கான்ஸ்டபிள் வந்துவிட்டார். தெற்குப் பாத்தி வரப்பில் ஒருவர் இறந்து கிடக்கிறாராம். உப்பு வார வெளியூரிலிருந்து வந்தவர், பேர்கூட யாருக்கும் தெரியவில்லை. "நாலு பேரு தேறிட்டாங்க. இன்னும் ஒருத்தர் வந்தா எடுத்துடலாம். வெயில்ல கெடக்குதுங்க" என்று வாசலில் நிற்கிறார். விருத்தாம்பாள் என் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். சீரையும் பட்டத்தையும் சரவணகுமார் கொண்டு வருவான், அவனே கட்டட்டும். இலக்கியா கல்யாணத்துக்கு ஊரே வரும், மாமா. இவருக்கு நான் போனால்தான் ஐந்து பேர்.