பதினேழு இஸட்டும் ஒரு தையல் மெஷினும்

நோன்பு மாதத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சைனூரி ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். தன் மோட் ஃபோல்டரை இந்த முறை ஒழுங்குபடுத்தியே தீருவது. முடிவு பிறந்த அதே நிமிடத்தில் அவன் மனைவி மஹானி, கையில் அளவு நாடாவோடு பின்னறைச் சுவரை அளந்துகொண்டிருந்தாள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவன் சத்தியம் செய்வான். நாம் நம்ப வேண்டியதில்லை.

"அபாங், எனக்கு இந்த ரூம் வேணும்" என்றாள் மஹானி.

"எதுக்கு?"

"ராயா பெருநாள் துணி தைக்க. முப்பத்தெட்டு பாஜு கூரோங் ஒத்துக்கிட்டிருக்கேன். அடுப்புக்குப் பக்கத்துல மெஷினை வச்சுத் தச்சா, பெருநாளன்னைக்கு ஈப்போ ஊரே சம்பால் வாசனையோடதான் தொழுகைக்குப் போகும்."

"தாராளமா எடுத்துக்க. ஆனா இப்ப கம்ப்யூட்டரை நகத்த முடியாது."

"ஏன், வேர் விட்டுடுச்சா?"

"மோட் ஃபோல்டரை அடுக்க ஆரம்பிச்சுட்டேன். பாதியில நகத்தினா நகரமே போயிடும்."

"எந்த நகரம்?"

"ஒன்பது வருஷமா கட்டுறேனே, அது!"

"அதுல இப்ப எத்தனை பேர் குடியிருக்காங்க?"

"நாப்பத்து மூணு."

"நம்ம சந்துலயே அதைவிட ஜாஸ்தி."

"முதல்ல விளக்குக் கம்பம் சரியா அமையணும் மஹானி. ஜனங்க அப்புறம்."

சைனூரி வேலை பார்ப்பது நகர மன்றத்தின் சாலைப் பலகைக் கிடங்கில். 'மெதுவாகச் செல்', 'திரும்பாதே', 'நுழையாதே' எல்லாவற்றையும் இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறான். சாலை எந்தப் பக்கம் போகலாம் என்று அவனை ஒரு நாளும் ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் அப்படியில்லை. பின்னறைக் கம்ப்யூட்டரில், நகரம் கட்டும் விளையாட்டில், அவன் வைத்ததுதான் சாலை.

அந்த விளையாட்டுக்கு உலகமெங்கும் ரசிகர்கள் தாங்களே பொருள் செய்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். பஸ் நிறுத்தம், பள்ளிவாசல், நாசி கண்டார் சோற்றுக்கடை, குப்பைத் தொட்டி. இவைதான் மோட். சைனூரிக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் கை நெட்டிலிருந்து ஒன்றை இறக்கும். ஒரு விளக்குக் கம்பம் இறங்கியதும், இதைவிட நல்ல கம்பம் எங்கோ இருக்கிறது என்று மனம் கிளம்பிவிடும். நானூற்றுப் பன்னிரண்டு கம்பம் சேர்ந்தும் அந்த நல்ல கம்பம் வந்து சேரவில்லை. மொத்தம் பத்தொன்பதாயிரம் ஃபைல். விளையாட்டைத் திறந்துவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, சட்டை இஸ்திரி போட்டு வந்தாலும் அது திறந்துகொண்டே இருக்கும்.

"எத்தனை நாள் ஆகும்?" என்றாள் மஹானி.

"ரெண்டு வாரம்."

மனதுக்குள் அவன் போட்ட கணக்கு வேறு. பெருநாள் வரை அடுக்குவது. பெருநாள் முடிந்தால் துணி இல்லை, துணி இல்லாவிட்டால் ரூமும் வேண்டாம். ஆகவே திங்கட்கிழமை பத்து ஃபைலை இடமிருந்து வலம் நகர்த்தினான். செவ்வாய்க்கிழமை அதே பத்தையும் வலமிருந்து இடம். புதன்கிழமை ஓய்வுக்காக மூன்று கம்பம் இறக்கினான்.

வியாழக்கிழமை மாலை மஹானி தேநீரோடு வந்து பின்னால் நின்றாள்.

"இது என்ன, எல்லாப் பேர் முன்னாலயும் கொசு கத்துற மாதிரி? இஸட் இஸட் இஸட்?"

"அது தொழில் ரகசியம். விளையாட்டு எழுத்து வரிசைப்படிதான் ஃபைலைப் படிக்கும். கடைசியா வர்றது சொன்னதுதான் சட்டம். அதனால முக்கியமானதுக்கு முன்னால ஒரு இஸட் போட்டா அது கடைசிக்குப் போயிடும்."

"இதுக்குப் பதினேழு இஸட் இருக்கே?"

"இது ரொம்ப முக்கியம்."

"இதுக்குப் பதினாறு?"

"பதினேழு வர்ற வரைக்கும் அதுதான் ரொம்ப முக்கியம்."

"எல்லாரும் கடைசியில நிக்கணும்னா முன்னால யார் நிப்பா?"

சைனூரி தேநீரைக் குடித்தான். சில கேள்விக்குத் தேநீர்தான் பதில்.

"தெரிஞ்சவங்க யாராவது ஒத்தாசை பண்ண மாட்டாங்களா?"

"ஐயோ, இது சாதாரண ஆளுங்களால ஆகாது! எங்க ஆன்லைன் குழுவுல அறுநூறு பேர் இருக்காங்க. ஃபோல்டரை எப்படி அடுக்கணும்னு எங்கிட்டதான் கத்துக்கிட்டாங்க. 'பன்னிரண்டு படிகள்'னு நானே எழுதி, குழுவுல மேலேயே ஒட்டி வச்சிருக்கேன். என்னை அங்க எப்படிக் கூப்பிடுறாங்க தெரியுமா? டத்தோ பண்டார்! நகரத் தலைவர்!"

"அப்படியா!" என்றாள் மஹானி. அந்த 'அப்படியா'வைக் கேட்டு அவன் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் பெருமைப்பட்டான்.

இரண்டாவது வாரம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை மட்டும் ஏகப்பட்ட தேங்காய் பிழிந்தாள், ஒரு சட்டி நெத்திலி பொரித்தாள். "யாருக்கு?" என்றான். "மனுஷங்களுக்கு" என்றாள்.

ஞாயிறு காலை எட்டரைக்கு வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு. எல்லோருக்கும் முன்னால், கம்பார் ஊரிலிருந்து வந்த லியோங் வாத்தியார். குழுவின் துணை நிர்வாகி. ஆறு வருடமாக எழுத்தில் மட்டும் பழக்கம். கையில் லேப்டாப், தோளில் ஹார்ட் டிஸ்க் பை.

"டத்தோ! நீங்க ஒத்தை ஆளா கஷ்டப்படுறதா மஹானி அக்கா எழுதியிருந்தாங்க. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கோத்தோங் ரோயோங் போட்டுட்டோம்."

கோத்தோங் ரோயோங் என்று ஊர் கூடி வேலைக்கு வந்து நின்றால், வேண்டாம் என்று சொன்ன வீடு அந்த நாட்டிலேயே கிடையாது. துடைப்பமோ ஹார்ட் டிஸ்க்கோ, வந்தவர்களை உள்ளே விட வேண்டும், சோறு போட வேண்டும். சோறு தயாராக இருந்தது.

"இன்னிக்கு எனக்குத் தலைவலி..." என்று தொடங்கினான் சைனூரி.

"நீங்க உக்காருங்க டத்தோ. உங்க பன்னிரண்டு படியும் எங்களுக்கு மனப்பாடம்."

வாத்தியார் ஃபோல்டரைத் திறந்தார். மற்ற எட்டுப் பேரும் திரையை எட்டிப் பார்த்தார்கள்.

'புதுசு'. 'புதுசு 2'. 'புதுசு உண்மையா'. 'அப்புறம் பார்'. 'அப்புறம் பார் பழசு'. 'தொடாதே'. 'தொடாதே 2'. 'இது என்ன?'

"டத்தோ," என்றார் வாத்தியார் மெதுவாக, "முதல் படி என்ன?"

சைனூரி சுவரைப் பார்த்தான். "'புதுசு'ன்னு பேர் வைக்காதே."

"அது எப்பவும் புதுசா இருக்காதுன்னு காரணமும் எழுதியிருந்தீங்க. நான் அதை வகுப்புலயே சொல்லியிருக்கேன்."

"சாப்பிட்டுட்டு ஆரம்பிக்கலாமா?" என்று மஹானி வாழையிலைப் பொட்டலங்களை நீட்டினாள்.

ஒருவர் பெயர் படித்தார், ஒருவர் "ரெட்டை" என்று கத்தினார், ஒருவர் அதைத் தூக்கி எறிந்தார். பதினேழு இஸட்டையும் ஒரு பெண் பூண்டு உரிப்பதுபோல உரித்துப் போட்டாள். கம்பங்கள் போகப்போக சைனூரி எழுந்தான், உட்கார்ந்தான், வாசல் வரை போய் வந்தான். "அது டென்மார்க் கம்பம்!" என்று ஒரு முறை குரல் கொடுத்தான். "அதே டென்மார்க் இங்க ஆறு இருக்கு டத்தோ" என்றார்கள்.

பகல் ஒரு மணிக்கு இரண்டாயிரத்து அறுநூறு ஃபைல் மிஞ்சியது. விளையாட்டு மூன்றே நிமிடத்தில் திறந்தது. அவர்கள் ஐர் பண்டோங் என்ற ரோஜாப் பால் குடித்துக்கொண்டிருக்கையிலேயே அந்த நகரத்துக்கு வண்டி வண்டியாக ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். மூன்று விதச் சாலை மோட் ஒன்றோடொன்று சண்டை போட்டு நுழைவழியை அடைத்திருந்ததாம். ஒன்பது வருடம் வெளியே காத்து நின்றவர்கள். ஜனத்தொகை நாலாயிரத்தைத் தாண்டியது. சைனூரி திரையோடு ஒட்டி உட்கார்ந்து ஒவ்வொரு வண்டியாக எண்ணினான். கால் ஆடவில்லை என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

ஆனாலும் ரூம் ரூம்தானே. கடைசி முயற்சியாகக் கனைத்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி. இனி ஒரு மாசம் இதை அசைக்காம சோதிச்சுப் பாக்கணும்..."

"எதுக்கு டத்தோ? அடுக்கி முடிச்சு ஒரு பிரதி எடுத்துட்டா கம்ப்யூட்டரைக் கடல்ல தூக்கிப் போட்டாலும் கவலை இல்லை. பன்னிரண்டாவது படி. நீங்க எழுதினதுதான்."

"பிரதி எடுத்தாச்சா வாத்தியாரே?" என்றாள் மஹானி.

"ரெண்டு எடுத்தாச்சுக்கா."

"கடலுக்கு வேண்டாம். ஃபிரிட்ஜ் பக்கத்துல வச்சாப் போதும். நாலு பேர் மேஜையைப் பிடிங்க. மத்தவங்க என் மெஷினை இந்தப் பக்கம் கொண்டாங்க."

பத்து நிமிடம். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போனார்கள். பின்னறையில் மெஷின் கடகடவென்று ஓடியது. அடுக்களையில் சைனூரி பதினோரு பேர் தட்டு, தம்ளருக்கு முன்னால் முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றான். ஃபிரிட்ஜ் மேல் இருந்த அவன் ஃபோன் இரண்டு தரம் கிணுகிணுத்தது.

"மஹானி, என்னன்னு பாரேன், கை ஈரம்."

அவள் வந்து ஃபோனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தாள்.

"'மஹானி அக்காவைக் குழுவின் நிர்வாகியாக்கியிருக்கிறோம். டத்தோ பண்டார் இனி ஓய்வெடுக்கலாம்.' லியோங் வாத்தியார் போட்டிருக்கார்."

"இன்னொன்னு?"

"அது நான் போட்டது. 'அடுத்த ஞாயிறு வாத்தியார் வீட்டு ஃபோல்டர். சாப்பாடு அவர் பொறுப்பு. பாத்திரம் கழுவுவது டத்தோ பண்டார்.' அதுக்குள்ள முப்பது பேர் கட்டைவிரல் காட்டிட்டாங்க."

"நான் இதுக்கு ஒத்துக்கவே இல்லையே!"

"ஒத்துக்கிட்டீங்க அபாங்" என்று அவன் ஃபோனை ஃபிரிட்ஜ் மேல் திரும்ப வைத்தாள் மஹானி. "உங்களுக்குக் கை ஈரம்னு உங்க கட்டைவிரலையும் நான்தான் அமுக்கிவிட்டேன்."