நாகம்மாவுக்கு டேட்டா கொள்முதல் செய்த வரலாறு

நடந்தவற்றை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. மூன்றாவது கூட்டத்தில் பரிமாறப்பட்டது போண்டாவா பஜ்ஜியா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்றில் ஐயமில்லை. ஒரு பெண்மணியின் கைப்பேசிக்கு வெளிநாட்டில் இணையம் கிடைக்க வேண்டும் என்பதற்காக நான்கு முறை கூடி, நாற்பத்தொரு பக்கம் எழுதிய குடியிருப்போர் சங்கம் உலகத்தில் ஒன்றுதான். அது நசரத்பேட்டையில் இருக்கிறது. நான் அதன் செயலாளர்.

எங்கள் நகரில் வீடு கட்டியிருப்பவர்கள் எல்லோரும் ஆவடித் தொழிற்சாலைகளில் முப்பது, முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பென்ஷனோடு ஒழுக்கத்தையும் எடுத்து வந்தோம். மூன்று கொட்டேஷன் வாங்காமல் எங்கள் சங்கம் ஒரு துடைப்பம்கூட வாங்கியதில்லை. துடைப்பம் வந்து சேர்வதற்குள் மழை வந்து தெருவைக் கழுவிவிட்டுப் போனது வேறு விஷயம்.

சங்கத் தலைவர் ரகுநாதனின் மகள் தீபிகா வளைகுடாவில் குடித்தனம் செய்கிறாள். நிறைமாதம். "பிரசவ ரூமுக்குள்ள போறப்ப நீ என் கையைப் புடிச்சிக்கணும்மா" என்று போனில் அழுதிருக்கிறாள். தாய் நாகம்மா தனியாகப் புறப்படுவது என்று முடிவாயிற்று. பாடி மேம்பாலத்தைத் தாண்டித் தனியாகப் போகாதவர். விமானத்தை விட்டு இறங்கியதும் மாப்பிள்ளையோடு பேச ஒரு போன், அதில் இணையம். தேவை இவ்வளவுதான்.

சாதாரணக் குடும்பமாக இருந்தால் கடைக்குப் போயிருப்பார்கள். ரகுநாதன் அவசரக் கூட்டம் கூட்டினார்.

ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற சண்முகசுந்தரம் 'தொழில்நுட்பக் குழு'வாக நியமிக்கப்பட்டார். குழுவில் அவர் ஒருவரே. கரையான்சாவடியில் செல்போன் கடை வைத்திருக்கும் சைனம்பு என்ற பெண்மணி விளக்கம் அளிக்க அழைக்கப்பட்டார்.

"மூணு வழி கீது சார்" என்றார் சைனம்பு. "இருக்கிற சிம்லயே ரோமிங் பேக் போட்டுக்கலாம். அங்க எறங்கி புது சிம் வாங்கலாம். இல்லாங்காட்டி இ-சிம். எதுவா இருந்தாலும் அஞ்சு நிமிஷ வேலை."

'அஞ்சு நிமிஷம்' என்ற சொல்லால் அவை சற்று மனம் புண்பட்டது.

"அந்த இ-சிம்மு... பொருள் எங்கம்மா?" என்று கேட்டார் சண்முகசுந்தரம்.

"பொருள்னு ஒண்ணும் இல்ல சார். போனுக்குள்ள தானா வந்து குந்திக்கும்."

"கண்ணுக்குத் தெரியாத பொருளை எப்படிம்மா எண்ணி வாங்குறது? நல்லபடியா வந்து சேர்ந்துச்சுன்னு யார் கையெழுத்துப் போடுறது?"

இ-சிம் நிராகரிக்கப்பட்டது. அங்கே இறங்கி சிம் வாங்குவது 'வெளிநாட்டுக் கொள்முதல்' ஆகிவிடும். அதற்குச் சங்கத்துக்கு அதிகாரமில்லை. மிஞ்சியது ரோமிங்.

இரண்டாம் கூட்டத்தில் கொட்டேஷன் கோரப்பட்டது.

"லெட்டர்ஹெட்டில் வேணும், சீலோட" என்றார் தலைவர்.

"லெட்டர்ஹெட்டுக்கு நான் எங்க சார் போவேன்? பில் புக்கு கீது. சீல்னா எங்க ஊட்டுக்காரரு பழைய சைக்கிள் கடை சீல் ஒண்ணு கீது."

சைக்கிள் கடை சீல் ஏற்கப்பட்டது. அடுத்த வாரமே மூன்று கடைகளிலிருந்து மூன்று கொட்டேஷன்கள் வந்தன. மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்தன. எண்ணிக்கை மூன்று என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் கூட்டத்தில்தான் சைனம்பு எல்லை மீறினார்.

"எந்த நாடு சார்?"

"துபாய்" என்றார் தலைவர்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. கடலுக்கு அந்தப் பக்கம் மணல் இருக்கும் ஊர் எல்லாமே எங்களுக்குத் துபாய்தான். சவுதியில் வேலை செய்கிறவர் துபாயில் இருக்கிறார். குவைத்திலிருந்து வந்தவர் துபாய்க்காரர்.

"டிக்கெட்டை ஒருதபா பாத்துட்டுச் சொல்லுங்க சார். இல்லாங்காட்டி வளைகுடா மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு பேக் கீது. கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான்."

"ஒரு நாட்டுக்குப் போறவளுக்கு ஆறு நாட்டு பேக் எதுக்கு?" என்றார் சண்முகசுந்தரம். "ஆடிட்டுல நிக்குமா அது?"

"சார், அந்தம்மாவையே கூப்ட்டுக் கேளுங்களேன்."

"அவங்க பயனாளி" என்றார் தலைவர். "கமிட்டி மெம்பர் கிடையாது."

நான்காம் கூட்டத்துக்குச் சைனம்புவை அழைக்கவில்லை. தலைவர் வீட்டு ஹாலில் ஒப்புதல் கையெழுத்து ஆகிக்கொண்டிருந்தபோது நாகம்மா தேநீர்த் தட்டோடு வந்து நின்றார்.

"தீபிகா இருக்கிறது மஸ்கட்டுங்க" என்றார்.

"ஆமா, துபாய்ல மஸ்கட். போயி சர்க்கரை எடுத்துகினு வா."

நாகம்மா உள்ளே போனார். 'பயனாளி தேநீர் வழங்கினார்' என்று குறிப்பில் எழுதினேன்.

குறைந்த விலை பேக் பத்து ஜி.பி. கொள்ளளவோடு, துபாய்க்கு, முறைப்படி போடப்பட்டது. நாகம்மா மஸ்கட்டில் இறங்கினார்.

அன்று காலையே தீபிகாவுக்கு வலி கண்டுவிட்டது. 'அத்தே, ஆஸ்பத்திரியில் இருக்கோம். என்னால வர முடியல. டாக்சி புடிச்சு நேரா இங்க வந்துடுங்க' என்று மாப்பிள்ளை செல்வகுமார் இடத்தையும் சேர்த்து அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நின்றது. விமான நிலைய வெளிவாசல் பக்கத்து நாற்காலியில் நாகம்மா நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போனில் தொந்தரவு வந்தால் அணைத்துப் போட வேண்டும் என்று கணவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அணைத்தார், போட்டார், அணைத்தார். கடைசியில் தரை துடைக்கும் ஒரு மலையாளிப் பெண் தன் போனைக் கொடுத்துப் பேச வைத்தாள்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றியிருந்தார்கள். அம்மா கையை நீட்டினார். தீபிகா பிடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செய்தி வந்ததும் ஆய்வுக் கூட்டம் நடந்தது. பத்து ஜி.பி.யில் ஒரு எம்.பி.கூடச் செலவாகவில்லை என்று சண்முகசுந்தரம் புள்ளிவிவரத்தோடு நிறுவினார். 'முழுமையான சிக்கன'த்துக்காகத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. நானும் கை தட்டினேன்.

தீபிகாவும் பெண் குழந்தையும் நலம். நாகம்மா மூன்று மாதம் கழித்துத் திரும்பினார். சமைத்துப் போடுகிறார், கணவரோடு பேசுவதில்லை. சைனம்பு எங்கள் சங்கத்து ஆட்களைக் கண்டால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுகிறார். சண்முகசுந்தரத்துக்கு மூட்டுவலி. ரகுநாதன் மறுபடியும் போட்டியின்றித் தலைவர். நாகம்மாவின் டிக்கெட்டை அச்செடுத்துக் கொடுத்தவன் நான்தான். மஸ்கட் ஓமான் நாட்டில் இருக்கிறது, துபாயில் இல்லை என்பது எனக்கு முதல் கூட்டத்துக்கு முன்பே தெரியும். நான்கு கூட்டத்திலும் நான் வாய் திறக்கவில்லை. என்னையும் மறுபடி செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.