துரைக்கு அரிக்கிறது

"காய் எப்படி இருக்கு, கடிச்சுச் சொல்லு அப்பு" என்று தங்கபாண்டி முதலாளி கேட்டபோது, பாண்டியராஜ் ஓர் ஏலக்காயை எடுத்துப் பல்லில் வைத்திருந்தான். போடிநாயக்கனூரில் அந்த ஏலக்காய் குடோனில் எத்தனையோ பேர் வேலை பார்த்தார்கள். முதலாளி காயை நீட்டிக் கருத்துக் கேட்பது அவன் ஒருவனிடம்தான்.

அவன் வாயைத் திறப்பதற்குள், மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்த நாய் துரை எழுந்து உட்கார்ந்து, பின்னங்காலால் காதுக்குக் கீழே சொறிய ஆரம்பித்தது. நகம் சிமெண்டுத் தரையில் டக்டக்கென்று இடித்தது. முதலாளி கையிலிருந்த காயைத் தட்டில் கொட்டிவிட்டு நாயிடம் போய்க் குனிந்தார்.

"என்னடா அப்பு, என்ன பண்ணுது?"

பாண்டியராஜுக்குக் காய் கசந்தது. போன மழைக்காலத்தில் மலைத்தோட்டத்திலிருந்து துணிப்பையில் வந்து இறங்கிய குட்டி அது. துரை என்று முதலாளி பெயர் வைத்ததைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். ஆனால் அப்பு என்பது அவனுடையது. அந்தக் குடோனில் வேறு யாரையும் முதலாளி அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஓயாம சொறியுது. நீதான் பாத்துச் சரிபண்ணணும். ஒன்னைய விட்டா யாரை நம்பி விடுறது?" என்றார் முதலாளி.

இந்தக் கடைசி வாக்கியம் அவனைக் கொஞ்சம் தேற்றியது. சொறிவது நின்றால் முதலாளி நாயைக் கவனிப்பதும் நிற்கும், எல்லாம் பழையபடி ஆகும் என்று கணக்குப் போட்டான்.

முதலில் உண்ணியாக இருக்கும் என்று நினைத்து முடியை விலக்கி விலக்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உண்ணியும் உண்டு என்றாள், ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த ராமுத்தாய். வேப்பெண்ணெய் தேய்க்கச் சொன்னாள். எவ்வளவு என்று அவள் சொல்லவில்லை. குறைவாகத் தேய்த்துப் பலிக்காமல் போய்விடுமோ என்ற சந்தேகத்தில் அவன் பாட்டில் முழுவதையும் தேய்த்துவிட்டான்.

ஏலக்காய்க்கு ஒரு குணம். பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாசத்தை வாங்கிக்கொள்ளும். மறுநாள் காலையில் முதலாளி மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி முகர்ந்தார். முகம் சுருங்கியது. இன்னொரு மூட்டையைப் பிரித்தார். அதுவும் வேப்பெண்ணெய்.

நாயைத் தெருவில் கட்டப்போகிறார் என்று பாண்டியராஜ் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு நின்றான். முதலாளி அதைத் தன் அறைக்குக் கூட்டிப்போய் மின்விசிறிக்குக் கீழே சாக்கு விரித்துப் படுக்க வைத்தார். "இனிமே துரை இங்கனயே கெடக்கட்டும். காய்க்கும் நல்லது, அதுக்கும் நல்லது."

அந்த அறையில் பாண்டியராஜ் வாசல்படியைத் தாண்டியதே கிடையாது. நாய் காலை நீட்டித் தூங்கியது. ஒருமுறைகூடச் சொறியவில்லை. காற்றுதான் மருந்து என்று முதலாளி முடிவு செய்தார். பிறகு பாண்டியராஜை வாசலுக்கு வரச் சொல்லி, இவ்வளவு எண்ணெயை ஏன் ஊற்றினாய் என்று அமைதியாகத்தான் கேட்டார். அவன் பதில் சொல்லத் தொடங்கியதும் நாய் எழுந்து மறுபடியும் சொறிந்தது. முதலாளி கேள்வியை மறந்துவிட்டார்.

எண்ணெயைப் போக்கக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது. துணி துவைக்கிற சோப்புதான் கையில் அகப்பட்டது. அழுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டியதில் நாயின் தோல் வறண்டு, வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. முதலாளி வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் வரவழைத்து, தன் உள்ளங்கையில் ஊற்றித் தானே தடவிவிட்டார்.

"மாப்ளே, அவரு மகன் தலைக்குக்கூட அவரு எண்ண வச்சு நான் பாத்ததில்ல" என்றான் ஜீப் ஓட்டும் ரஃபி.

சில நாளில் தோல் பழையபடி ஆனது. சொறிவது நிற்கவில்லை.

ரஃபி தன் செல்போனில் தேடிப் படித்து, சில நாய்களுக்குக் கோழிக்கறி ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும் என்று கண்டுபிடித்தான். பாண்டியராஜுக்கு இது பிடித்திருந்தது. துரையின் தட்டில் கை வைக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னான்.

"அப்பக் கோழியை நிப்பாட்டு" என்றார் முதலாளி. கொஞ்சம் யோசித்து, "வெரசாப் போயி வெள்ளாட்டுக்கறி கொண்டா. எளங்கறியாப் பாத்து வாங்கு" என்றார்.

அன்று இரவு பாண்டியராஜ் ரசத்தைப் பிசைந்துகொண்டே, நாய்க்குக் கறிக்கடையில் வரிசையில் நின்ற கதையைத் தன் மனைவி சுஜிதாவிடம் சொன்னான். அவள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டபடி, "நீங்களும் போயி அவரு முன்னாடி நின்னு சொறிங்க. ஒங்களுக்கும் கறி வரும்" என்றாள்.

கறி வந்த பிறகும் துரை சொறிந்தது. எல்லா நேரமும் இல்லை. தனியாக இருந்தால் தூங்கும். பாண்டியராஜ் கணக்குச் சொல்ல வந்தால், சாம்பிள் கொண்டுவந்தால், முதலாளி அவனுக்கு ஒரு டீ சொன்னால், அந்த நேரம் பார்த்துக் காலைத் தூக்கும். தன் பேச்சைக் கெடுப்பதற்கென்றே தன் விதி இப்படி நேரம் பார்க்கிறது என்று அவன் நொந்துகொண்டான்.

பெரிய அடி ஜீப்பில் விழுந்தது. வாரம் ஒருமுறை முதலாளி போடிமெட்டுக்கு மேலே இருக்கும் தன் தோட்டத்துக்குப் போவார். முன்சீட்டில் ரஃபிக்கும் முதலாளிக்கும் நடுவில் இடுங்கி உட்காருவது பாண்டியராஜின் உரிமை. கியரைப் போடும்போதெல்லாம் முழங்காலில் இடிக்கும். ஆனாலும் டீக்கடையில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். துரை பின்னால் எரு மூட்டைகளோடு வரும்.

அன்று முதலாளி ஏறாமல் நின்று யோசித்தார். "இந்த எருத்தூசிதான் அதுக்கு ஒத்துக்கல போல. துரை முன்னாடி வரட்டும். நீ பின்னாடி ஏறிக்க அப்பு."

பாண்டியராஜ் மூட்டைகள் மேல் உட்கார்ந்து போனான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு மூட்டை அவன்மேல் சாய்ந்தது. முன்னால் முதலாளி நாயின் கழுத்தில் கைபோட்டுக்கொண்டு மலையைக் காட்டியபடி வந்தார். மேலே போய்ச் சேரும்வரை துரை ஒருதடவைகூடச் சொறியவில்லை. "நாந்தான் சொன்னேன்ல, எருத்தூசி" என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார்.

பாண்டியராஜ் இறங்கியபோது தலை முதல் கால் வரை எரு. கழுத்தில் நிஜமாகவே அரித்தது. சொறிந்தான்.

முதலாளி திரும்பினார். "என்னடா அப்பு, ஒனக்குமா?"

அந்தக் குரலில் இருந்த கவலை முழுவதும் தனக்கே என்று உணர்ந்து அவன் இன்னொரு முறை சொறிந்தான். குழாயடியில் கழுவியதும் அரிப்பு போய்விட்டது. கைதான் அடங்கவில்லை. முதலாளி நாயோடு பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் கை தானாகக் கழுத்துக்கு ஏறியது. ஏறியதும் அவர் திரும்பினார். இரண்டு நாள் டீ கிடைத்தது. தேங்காயெண்ணெய்ப் பாட்டிலில் பாதியும் கிடைத்தது.

மூன்றாம் நாள் முதலாளி வேறு விதமாக யோசிக்க ஆரம்பித்துவிட்டார். இது ஒட்டுகிற வியாதி. நாயிடமிருந்து இவனுக்கு வந்ததா, இவனிடமிருந்து நாய்க்குப் போனதா? அது தெரியும்வரை பாண்டியராஜ் காயைத் தொடக்கூடாது. அவனிடமிருந்துதான் என்றால், மலைத்தோட்டத்துக்கு எரு வைக்கப் போய்விடட்டும்.

அன்று சாம்பிள் காயை முதலாளி ரஃபியிடம் நீட்டினார். ரஃபி கடித்துப் பார்த்து, "ஏலக்கா மாதிரிதாண்ணே இருக்கு" என்றான். பாண்டியராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அரிக்கவே இல்லை என்ற உண்மையைச் சொன்னால் பொய்யன் ஆவான். சொல்லாவிட்டால் எரு. இரண்டில் எது மேல் என்று அவனால் முடிவுசெய்ய முடியவில்லை.

முதலாளி அவனையும் நாயையும் ஒன்றாக ஜீப்பில் ஏற்றி, கால்நடை மருத்துவர் முபீனாவிடம் கூட்டிப்போனார்.

"நான் ஆடுமாடு, நாய் பூனை பாக்குறவ, அண்ணே. இவரை நான் பாக்கக்கூடாது" என்றார் முபீனா.

"மருந்து தர வேணாம் டாக்டரம்மா. யாருகிட்டருந்து யாருக்கு ஒட்டுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

முபீனா துரையைச் சீப்பால் வாரிப் பார்த்தார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். என்ன தின்கிறது, எங்கே படுக்கிறது, எதில் குளிக்கிறது என்று விசாரித்தார். சோப்பு என்றபோது பாண்டியராஜை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பாண்டியராஜின் முகம் வெளிறியிருந்ததைப் பார்த்து முதலாளிக்கு மனசு கேட்கவில்லை. அவன் தோளில் கை வைத்து, "பயப்படாத அப்பு, நான் இருக்கேன்ல" என்றார்.

துரை உட்கார்ந்து காதுக்குக் கீழே சொறிந்தது.

"இருடா, இருடா" என்று முதலாளி குனிந்து அதன் தலையைத் தடவினார். பாண்டியராஜின் கை கழுத்துக்கு ஏறியது. அவர் பதறி அவன் பக்கம் திரும்பினார். துரை மறுபடியும் காலைத் தூக்கியது.

"பாத்தீகளா டாக்டரம்மா, எப்படி ஒட்டியிருக்குன்னு. என்ன சீக்கு இது?"

முபீனா கையுறையைக் கழற்றினார். "ரெண்டு பேரும் ஒடம்புக்கு நல்லாத்தாண்ணே இருக்காக, நீங்க இவருகிட்டப் பேசுனா அதுக்கு அரிக்குது, அதுகிட்டப் பேசுனா இவருக்கு அரிக்குது."