மிஞ்சிய விலா எலும்பு

எல்லாவற்றையும் கோத்து முடித்தபோது காப்பாளரின் கையில் ஒரு விலா எலும்பு மிச்சம் இருந்தது.

மருத்துவக் கல்லூரியின் உடற்கூற்று அருங்காட்சியகத்தை அவர்தான் பல வருடங்களாகக் கட்டிக்காத்து வந்தார். கட்டிக்காத்தார் என்பது அவர் சொல்லிக்கொள்வது. போன ஆய்வின்போது மனித எலும்புக்கூட்டில் வலது கை இடப்பக்கமும் இடது கை வலப்பக்கமும் தொங்கியது. இன்னொரு குறை கண்டுபிடித்தால் பிணவறைக்கு மாற்றல் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். பிணவறை கீழ்த்தளத்தில் இருந்தது. லிப்ட் கிடையாது. படி இறங்கினால் அவருடைய இரண்டு முழங்காலும் பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி நெறுநெறுக்கும்.

காலையில் பேராசிரியர் போனில் கூப்பிட்டிருந்தார். "மதியம் பார்க்க வர்றாங்க. மனுஷக்கூட்டை நல்லாத் தொடச்சு வைங்க. எந்தக் குறையும் இருக்கக் கூடாது. வந்தவங்க மனசு நோகாமத் திரும்பிப் போகணும்."

"வர்றாங்க" என்றாலே காப்பாளருக்கு ஆய்வுக்குழுதான். பதற்றத்தில் தூசி தட்டப் போய், துரு ஏறிய கம்பி அறுந்து மார்புக்கூடு மொத்தமும் தரையில் கொட்டியது. பதறிப் பின்வாங்கியவர் இடுப்பால் இடித்ததில் பக்கத்தில் நின்ற நாயின் எலும்புக்கூடும் சரிந்தது. மனிதனும் நாயும் ஒரே குவியலாகக் கிடந்தார்கள்.

பெரியதை மனிதனுக்கும் சிறியதை நாய்க்கும் என்று பிரித்து, குந்தி உட்கார்ந்து கம்பியும் குறடுமாகக் கோத்தார். சுவரில் தொங்கிய படத்தில் மனிதனுக்குப் பக்கத்துக்குப் பன்னிரண்டு விலா எலும்பு. நாயின் காலடியில் இருந்த அட்டையில் பக்கத்துக்குப் பதின்மூன்று. வலது பக்கம் சரியாக வந்தது. நாயும் சரியாக வந்தது. மனிதனின் இடது பக்கத்துக் குவியலில்தான் குட்டையாக ஒன்று கூடுதல்.

மனைவிக்குப் போன் போட்டார்.

"எலும்புக்கூட்டைக் கோத்துட்டேன். ஒண்ணு மிச்சம் நிக்குது."

"கடிகாரத்தைப் பிரிச்சு மாட்டினப்பவும் ஒரு ஸ்க்ரூ மிச்சம்னீங்க."

"அதுக்கென்ன இப்ப?"

"அது இன்னும் ஓடலைங்க. வரும்போது கடிகாரக் கடைக்குப் போயிட்டு வாங்க" என்று வைத்துவிட்டாள்.

தரை துடைக்க வந்த துப்புரவுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, எலும்பைக் கையில வெச்சுக்கிட்டு யோசிக்கிறீங்க?"

"இது யாரோடதுன்னு தெரியல."

"யாரும் கேக்கலேன்னா நாய்க்குப் போட வேண்டியதுதானே?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். காப்பாளருக்கோ அது தெய்வ வாக்காகப் பட்டது. குட்டையான எலும்பு, நாயின் கடைசி விலா எலும்பும் குட்டைதான். குறட்டை எடுத்து, நாயின் இடது பக்கத்தில் கடைசியாக அதைக் கட்டிவிட்டார்.

இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். நாய் ஒரு பக்கம் வீங்கின மாதிரி இருந்தது.

"ஒத்தையா நின்னாத்தான் கண்ணை உறுத்தும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "ஜோடியா நின்னா எவன் எண்ணப் போறான்?"

மூலை அலமாரியில் ஓர் ஆடு இருந்தது. அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதன் வலது பக்கத்திலிருந்து கடைசி எலும்பைக் கழற்றி நாயின் வலது பக்கத்தில் கட்டினார். நாய் சமமாகிவிட்டது. அப்பாடா என்று திரும்பினால், இப்போது ஆடு ஒரு பக்கம் இளைத்திருந்தது. அலுப்போடு ஆட்டின் இடது பக்கத்திலிருந்தும் ஒன்றைக் கழற்றினார். ஆடும் சமமாகிவிட்டது.

கையில் மறுபடியும் ஒரு விலா எலும்பு.

காப்பாளர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். போதும் போதும் என்றாகிவிட்டது. ஆண்டவன் எலும்பைப் படைத்தபோது எல்லா உயிருக்கும் ஒரே கணக்காகப் படைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எலும்பைச் சாப்பாட்டுப் பைக்குள் தள்ளினார். பை மூடவில்லை. நுனி வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"அண்ணே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?" என்றாள் துப்புரவுக்காரம்மா.

"நீ உன் வேலையைப் பாரும்மா!"

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. பையை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். பேராசிரியர் கதவைத் திறந்துவிட, வயதான ஓர் அம்மா மட்டும் கைத்தடியோடு உள்ளே வந்தார். குழுவெல்லாம் இல்லை. ஒற்றை ஆளாக அனுப்புகிறார்கள் என்றால் சரியான கண்டிப்பான ஆளாகத்தான் இருக்கும் என்று காப்பாளர் முடிவு கட்டினார். ஓய்வு பெறும்வரை இன்னும் மூன்று வருடம் இந்த மேல்தளத்திலேயே ஓட்டிவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த அம்மா நாயைப் பார்க்கவில்லை. ஆட்டையும் பார்க்கவில்லை. நேராக மனித எலும்புக்கூட்டின் முன்னால் போய் நின்றார். வெகு நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"தொட்டுப் பாக்கலாமா?"

"தாராளமாப் பாருங்கம்மா" என்றார் பேராசிரியர். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

அந்த அம்மா இடது பக்கத்துக்கு வந்து, மேலேயிருந்து ஒவ்வொரு விலா எலும்பாக விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார். உதடு அசைந்தது. காப்பாளரும் கூடவே எண்ணினார். பன்னிரண்டு! முதல்முறையாக அன்றைக்கு அவருக்கு உடம்பில் தெம்பு வந்தது.

"படத்துல இருக்கிற மாதிரியே அச்சு அசலா இருக்கும்மா" என்றார். "ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. என் கையாலயே கோத்தது."

அந்த அம்மா இன்னும் கொஞ்சம் குனிந்தார். கடைசி எலும்புக்குக் கீழே விரலால் துழாவினார். மறுபடியும் துழாவினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"இது எங்க வீட்டுக்காரர் இல்லீங்க ஐயா, அவருக்கு இந்தப் பக்கம் ஒரு விலா எலும்பு கூடுதல், அதைச் சாக்கு சொல்லியே மனுஷன் காலம் பூரா ஒரு வாளித் தண்ணி தூக்கினதில்ல."