ஒன்பதாவது துண்டு

பயத்தை அருவியில் கரைத்துவிடலாம் என்று நம்பி ஒரு கூட்டமைப்பையே நடத்திய மனிதர், எனக்குத் தெரிந்து துண்டு அண்ணாச்சி ஒருவர்தான்.

எழுபதுகளின் கடைசியில் தென்காசியைச் சுற்றி எட்டு சிறுகடன் சங்கங்கள் இருந்தன. பூக்காரிக்கு ஐம்பது, இட்லிக்கடைக்கு நூறு என்று கொடுப்பவை. எட்டும் சேர்ந்து வைத்த கூட்டமைப்புக்கு அண்ணாச்சி தலைவர், நான் எழுத்தர். கூட்டமென்றால் அவர் உட்பட எட்டு செயலாளர்களும் ஐந்தருவியில் தலை நனைத்த பிறகுதான் தீர்மானம். "சூடான தலையில எடுத்த முடிவு வெளங்காதுவே" என்பார். பங்குனியில் நூலாக ஒழுகும் தண்ணீருக்கும் வரிசையில் நின்று தலையைக் காட்டுவார்கள். வழுக்கிவிடுமோ என்று நான் கரையிலேயே நிற்பேன். ஈரக்கை பட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதினான்கு பக்கம் மை கரைந்தது. அண்ணாச்சி பையில் எப்போதும் ஒன்பது துண்டுகள் இருக்கும். குளிப்பவர்களோ எட்டு பேர். அந்தக் கூடுதல் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம் கூட்டமைப்புக்கு அலுவலக வாடகையும், கணக்கர்களுக்குப் பயிற்சியும் தர முன்வந்தது. எட்டு சங்கமும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் ஆள் வருவதற்கு முந்தின நாள் காலை, கூட்டத்துக்காக ஐந்தருவியில் கூடியிருந்த எங்களுக்குக் கீழப்பாவூரிலிருந்து சேதி வந்தது. அங்கே செயலாளருக்குப் பொன்னுக்கு வீங்கி. இரண்டு நாளாகச் சங்கம் பூட்டிக் கிடக்கிறது. ஆள் பணத்தோடு ஓடிவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. சேமிப்பைத் திருப்பிக் கேட்டுப் பெண்கள் வாசலில் நிற்கிறார்கள்.

பணமெல்லாம் கடனாக வெளியே இருந்தது. பெட்டியில் இருந்தது ஆறு பேருக்குத்தான் காணும்.

"மொதல்ல குளிப்போம்" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு பேரும் சாவகாசமாகக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். எட்டாவது துண்டால் வீங்கிய கன்னத்தைச் சேர்த்துக் கட்டி, கீழப்பாவூர் செயலாளரை வீட்டிலிருந்து கூட்டிவந்தார் அண்ணாச்சி. கதவு திறந்தது. எட்டு பேரும் படியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே பெண்கள் நாற்பத்து மூன்று பேர். ஏச்சு காது கொள்ளவில்லை. பெட்டி காலியானால் மறுநாள் எட்டு சங்கத்து வாசலிலும் இதே கூட்டம் நிற்குமே என்று நான் மறுபடி தலைகளை எண்ணினேன்.

முன்னால் நின்ற பூக்காரி, ஈரம் காயாத ஏழு தலைகளையும் அந்தக் கன்னக்கட்டையும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஓடுதவன் குளிச்சு முழுகிட்டா வந்து உக்காருவான்? வாங்கட்டி, பூ வாடுது."

யாரோ சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது. ஐந்து பேர்தான் பணம் வாங்கினார்கள். பெட்டியில் இன்னும் ஒருவருக்கு மிச்சமிருந்தது. மறுநாள் வந்த சென்னைக்காரர் எட்டு சங்கங்களிலும் கதவு திறந்திருக்கக் கண்டார்.

முந்தின நாள் கீழப்பாவூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் என் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அண்ணாச்சி பையிலிருந்து ஒன்பதாவது துண்டை எடுத்து நீட்டினார்.

"தொடச்சுக்கலே. ஒனக்குன்னுதாம்லே எப்பவும் ஒண்ணு கூடக் கொண்டாருதேன்."

நான் துடைத்துக் கொடுத்ததும், அதே துண்டால் தன் கழுத்து வேர்வையையும் துடைத்துக்கொண்டார். எத்தனை தடவை துடைத்தார் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.