பொம்மிடி போகாத வண்டி

அன்புத் தம்பி மதியழகனுக்கு, கடத்தூர் பக்கத்திலிருந்து உன் அக்கா பானுமதி எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுத வேண்டும் என்றுதான் அஞ்சாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அனைவரும் என்று இப்போது எழுத முடியாது, உன் மாமா போய்விட்டார். மீதி இருப்பது நானும் இரண்டு எருமையும். நாங்கள் சுகம். நீயும் சோபனாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை எடுத்தாலே என் நாத்தனார் குள்ளம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். நீயோ டிராக்டர் மேலே உட்கார்ந்துகொண்டு, என்னக்கா என்னக்கா என்று பத்து தடவை கேட்டுவிட்டு, சரிக்கா என்று வைத்துவிடுகிறாய். எதற்கு சரி என்றாய் என்று உனக்கே தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்து, உன் மாமாவோட பொட்டி வண்டியை அரூருக்கு, உன் வீட்டுக்கு, இழுத்துக்கொண்டு போய்விடு. தக்காளிக் கூடை போட்டு வை, கோழி அடைத்து வை, என்னமோ செய். என் கண்ணு முன்னால நிக்க வேணாம்.

பந்தல் சாமான் ஏத்தற வண்டி, நாலு பக்கமும் மேலயும் தகரம் அடிச்சது, உனக்குத் தெரியும். எல்லாரும் கல்யாணத்த மண்டபத்துல வச்சிக்கிட்டதும் அது சும்மா நின்னுது. மாமா போன்ல ஒரு வீடியோ பார்த்தாரு. வெளிநாட்டுல ஒரு புருசன் பொண்டாட்டி இதே மாதிரி சாமான் வண்டிய வூடா மாத்தி, முன்பக்கம் கட்டில், அடுப்பு, ஜன்னல், பின்பக்கம் கதவ அப்படியே கீழ சாய்ச்சி அதுமேல மோட்டார் பைக்க ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போறாங்க. அந்தப் பைக்க அவங்க பொம்மைன்னு சொல்றாங்களாம், வண்டிக்குப் பேரே பொம்மை ஏத்தற வண்டியாம். உங்க டிவிஎஸ் அம்பதப் பொம்மைன்னு நான் ஒரு நாள் சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களான்னு கேட்டேன். அது வேற இது வேறன்னாரு. செஞ்சி எங்க போறதுன்னு கேட்டேன். மொதல்ல வண்டி ஆவட்டும்னாரு. கட்டில் போட்டாங்க. நீளம் பாக்கப் படுத்தாரு, காலு தகரத்துல இடிச்சுது, ஒரு ஜாண் நீட்டணும்னு சொல்லிட்டு எழுந்து வந்து சாப்பிட்டாரு. கை கழுவப் போனாரு. அவ்வளவுதான். மாசி மாசம் இருபதாம் தேதி. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் நீயும் இருந்து பாத்தது.

கருமாதி முடிஞ்ச மறுநாளே வெல்டிங் மாதவராஜ் வந்து நின்னான். அண்ணன் சொன்ன மாதிரியே முடிச்சிக் குடுத்துட்றேங்கன்னான். செத்தவர் சொன்னத வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. அண்ணன் மூணு ஜன்னல் சொன்னார்னு மூணையும் ஒரே பக்கத்துல வச்சான். ஏன்டா இப்படின்னா, வண்டி செவத்த ஒட்டி நின்னுது, அந்தப் பக்கம் கை போவலைங்கறான். பின்கதவுக்குச் சங்கிலி கொறஞ்சி, அது தரையத் தொடாம ஒரு ஜாண் மேலயே நிக்குது. மனுசன் காலத் தூக்கி வச்சித்தான் ஏறணும், டிவிஎஸ் ஏறாது, ஆனா நம்ம பெரிய எருமை ஏறிடுச்சி. ஏறினது நேரா கட்டில் பக்கம் போயி, ஜன்னல்ல தலைய நீட்டி ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்குது. எருமை முன்னாடிதான் நடக்கும், பின்னாடி நடக்காது. கழுத்தப் புடிச்சித் தள்ளறோம், வாலப் புடிச்சி இழுக்கறோம், அசையல. கடைசில நடுவுல தடுப்பா அடிச்ச பலகையப் பேத்து, எருமைய உள்ளயே திரும்ப வச்சி எறக்கினோம். அந்த வழியா போனவங்க எல்லாம் வண்டி யாருக்குச் செய்யறீங்கன்னு கேட்டுட்டுப் போனாங்க.

அதோட முடிஞ்சிருந்தா இந்தக் கடுதாசி எழுதியிருக்க மாட்டேன். மாமா உசுரோட இருக்கும்போதே பெயிண்டர் பச்சியப்பனுக்குப் போன் பண்ணி, வண்டி நெத்தியில பொம்மை வண்டின்னு எழுதணும்னு சொல்லி வச்சிருக்காரு. அவன் அஞ்சி மாசம் கழிச்சி, நான் தோட்டத்துல இருக்கும்போது வந்து, வெளிச்சம் பத்தலைன்னு வண்டிய நாலு பேர வச்சி பஸ் ஸ்டாப்பு ஓரமாத் தள்ளிக்கிட்டுப் போயி, செவப்புல இம்மாம் பெரிய எழுத்தா எழுதிட்டுப் போயிட்டான். என்னா எழுதினான்னா, ரயில் ஸ்டேஷன் இருக்கற பொம்மிடி ஊர் பேரப் போட்டு, பொம்மிடி வண்டின்னு எழுதினான். அன்னைக்கி வியாழக்கிழமை, பத்தரை பஸ்ஸு வரல. நான் வந்து பாக்கறேன், வண்டிக்குள்ள ஆறு பேரு. ஒரு பொம்பள கீரைக் கூடையோட கட்டில்ல உக்காந்திருக்கா, ரெண்டு பேரு ஜன்னல் ஓரத்துக்குச் சண்ட போட்றாங்க, ஒரு பெரியவரு ரயிலப் புடிக்கணும்னு ஒரே அவசரப்பட்றாரு. எப்ப எடுப்பாங்கன்னு என்னையே கேக்கறாங்க. எடுக்க மாட்டாங்கன்னு சொன்னேன். டிரைவர் எங்கன்னு கேட்டாரு பெரியவரு.

"செத்துட்டாரு" ன்னு சொன்னேன்.

எல்லாரும் ஒவ்வொருத்தரா எறங்கினாங்க. பெரியவரு மட்டும் எறங்கல. "மாத்து டிரைவர் யாராச்சும் வருவாங்களாம்மா?" ன்னு கேட்டாரு. இல்லைங்கன்னு சொன்னேன். அதச் சொல்லும்போதுதான் தம்பி, எனக்கே அது சரியா வெளங்கின மாதிரி இருந்துச்சி. பச்சியப்பன அப்புறம் புடிச்சிக் கேட்டா, பொம்மை வண்டின்னு எவனாச்சும் எழுதுவானாக்கா, அண்ணன் பொம்மிடியத்தான் மாத்திச் சொல்லிட்டார்னு நானே திருத்திக்கிட்டேங்கறான்.

இதெல்லாம் போவட்டும். என் பொண்ணு கலைமணி மாரண்டஹள்ளில நெறமாசமா இருக்கா. புரட்டாசி மொத வாரம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. தல பிரசவம், நம்ம வூட்டுக்கு வரவேண்டியது. வருசம் திரும்பாத வூடு, அங்க அனுப்ப மாட்டோம்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. அவங்க மேல தப்பில்ல, ஊர்ல அதான் வழக்கம். சரி நான் அங்க போயி கூட இருக்கலாம்னா, புருசன் போனவ வருசம் திரும்பற வரைக்கும் சொந்த வூட்டத் தவிர இன்னொருத்தர் வூட்ல ராத்தங்கக் கூடாதுன்னு குள்ளம்மா அண்ணி புடிச்ச புடியா நிக்கறாங்க. ஒரு நாள் போயிட்டு வந்தேன். தருமபுரில ஒரு பஸ்ஸு, பாலக்கோட்ல ஒரு பஸ்ஸு. போயி சேந்து ஒரு டம்ளர் தண்ணி குடிச்சதும் கடைசி பஸ்ஸுக்குக் கெளம்ப வேண்டியதாப் போச்சி. வலி என்ன பஸ்ஸு நேரம் பாத்தா வரும். போன வாரம் கலைமணி போன்ல, "அப்பாவும் இல்ல, நீயும் வரமாட்ட, அப்ப எனக்கு யாரும்மா?" ன்னு கேட்டா. அண்ணி பக்கத்துல உக்காந்திருந்தாங்க. டவர் சரியில்லைன்னு சொல்லி வச்சிட்டேன். டவர் நல்லாத்தான் இருந்துச்சி.

மனசு எதுலயும் ஒட்டல. மாதவராஜ் வச்ச அடுப்பு எரியுதான்னாச்சும் பாப்போம்னு செவ்வாக்கிழமை காத்தால வண்டியில ஏறி அரை லிட்டர் பால வச்சேன். நான் ஜன்னல் வழியா சும்மா பாத்துக்கிட்டு நின்னுட்டேன், பாலு பொங்கி அடுப்பு மேலயெல்லாம் ஊத்திடுச்சி. அந்த நேரம் பாத்து அண்ணி வந்து தலைய உள்ள விட்டாங்க. பாலப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. என் தம்பி போயி ஆறு மாசம் முழுசா ஆவல, அதுக்குள்ள இவ புது வூட்ல பால் காய்ச்சிக் குடி வந்துட்டாளேன்னு தெருவுல நின்னு சொன்னாங்க. நான் அடுப்புதான் பாத்தேன்னு சொன்னத யாரு கேக்கறாங்க. சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போனா, என்னா பானு, குடி போயிட்டியாமேன்னு கேக்கறாங்க. சாந்தரம் ரெண்டு பேரு வந்து உள்ள எட்டிப் பாத்துட்டு, காத்தோட்டமா இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க.

எனக்கு இது போதும். கலைமணிக்குச் சம்பந்தியம்மா இருக்காங்க, ஆஸ்பத்திரி இருக்கு, பொறக்கறது தானாப் பொறக்கும். நான் முப்பது நாள் கழிச்சி ஒரு பகல்ல போயி பாத்துக்கறேன். முடிவு பண்ணிட்டேன். நீ வந்து வண்டிய எடுத்துக்கிட்டுப் போ.

சோபனாவுக்கு முட்டி வலி தேவலையா என்று எழுதவும். பிள்ளைகள் இருவரும் நன்றாகப் படித்து, உன்னைப் போல் பாதியில் நிறுத்தாமல், தீர்க்காயுசாக இருக்க குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன். வேண்டுவதற்கு வழக்கம் ஒன்றும் தடை இல்லை என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு
உன் அக்கா
பானுமதி

மறந்தது: கவரை ஒட்டச் சோத்துப் பருக்கை எடுக்க உள்ளே போனேன். அண்ணி வந்தாங்க. இன்னும் பால் கதையே பேசிக்கிட்டிருந்தாங்க. எனக்கு ஒண்ணு தோணுச்சி, கேட்டேன்.

"ஏங்க அண்ணி, அப்ப அது வூடுதானுங்களா?"

"வூடு இல்லாம? பாலு பொங்கிடுச்சில்ல."

"யாரு வூடுங்க?"

"பால் காய்ச்சினது யாரு, நானா? உன் வூடுதான்."

"அதுல படுத்தா சொந்த வூட்ல படுத்த மாதிரிதானுங்களே?"

"பின்ன?"

"அது மாரண்டஹள்ளில நின்னா?"

அண்ணி வெத்தலைய வாயில போட்டாங்க. மென்னாங்க. தெரு முழுக்கச் சொன்ன பேச்ச மாத்தவும் முடியாதில்ல. கடைசில எழுந்து துப்பிட்டு வந்து, கட்டில் ரெண்டு பேரு படுக்கற அகலம் இருக்குமான்னு கேட்டாங்க. என்னைய மட்டும் நம்பி புள்ளத்தாச்சிய உடறதுக்கு இல்லையாம், அவங்களும் கூட வராங்களாம்.

அதனால தம்பி, மேலே எழுதினதை எல்லாம் படிச்சிட்டு விட்டுடு. டிராக்டரை மட்டும் கண்டிப்பா எடுத்துக்கிட்டு வா, ஆனா அரூருக்கு இல்ல, மாரண்டஹள்ளிக்கு. ஞாயிறு வேணாம், வெள்ளிக்கிழமையே வந்துடு, மெதுவாத்தான் இழுக்கணும். சோபனா ஒரு மாசம் இங்க வந்து எருமையப் பாத்துக்கட்டும், முட்டி வலிக்கு நடக்கறது நல்லது. கலைமணிக்குப் போன் பண்ணி, சம்பந்தி வூட்டு வாசல்ல இருவது அடி எடம் காலி பண்ணி வைன்னு சொன்னேன். எதுக்கும்மான்னு கேட்டா. வூடு வருதுன்னேன்.